பெட்டிக்கு ஒண்ணும் இல்ல

அழகிரி: சொல்லு, சொல்லு. காவேரில வெள்ளம் வந்து பாலக்கரையே முங்கிடுச்சு, அதனால வர முடியலன்னு சொல்லு. அது ஒண்ணுதான் பாக்கி.

தைரியராஜ்: கிண்டல் பண்ணாதய்யா அழகிரி. நெசமாவே பெட்டி ரிப்பேர்.

அழகிரி: என்ன ரிப்பேர்?

தைரியராஜ்: அக்கார்டியன்ல ஆயிரம் ரிப்பேர் வரும். உனக்குச் சொன்னா புரியாது.

அழகிரி: எனக்குப் புரியாது! இந்த மெல்லிசைக் குழுவ ஆரம்பிச்ச நாள்லேருந்து மேடை கட்டி, மைக் கட்டி, உன்னையும் கட்டி மேய்க்கறேன், எனக்குப் புரியாது! யோவ், மணி மூணரை. ஆறு மணிக்கு ஸ்ரீரங்கத்துல ரிசப்ஷன். வாசல்ல கார் நிக்குது. பிச்சமுத்து இஞ்சின ஆஃப் பண்ணாம உக்காந்திருக்கான், ஆஃப் பண்ணா நீயும் நானும் எறங்கித் தள்ளணும். சட்டைய மாட்டு, பெட்டியத் தூக்கு, கெளம்பு.

தைரியராஜ்: வரலங்கறேன்ல?

லூர்து: அண்ணே, மொதல்ல உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க. மோர் குடிங்க.

அழகிரி: குடும்மா தங்கச்சி. உன் புருஷன்கிட்டப் பேசிப் பேசித் தொண்ட வத்திப் போச்சு. நீயே சொல்லு. போன வாரம் நான் ஆள் அனுப்பிக் கேட்டப்ப, "கண்டிப்பா வருவாரு, அண்ணன கவலப்படாம இருக்கச் சொல்லுங்க"ன்னு சொல்லி அனுப்பினது யாரு?

தைரியராஜ்: யாரு?

லூர்து: நான்தான்.

தைரியராஜ்: நீயா? எங்கிட்ட ஒரு வார்த்த கேக்க வேணாமா?

லூர்து: கேட்டா வேணாம்பீங்க. அதான் கேக்கல.

தைரியராஜ்: ஏ லூர்து ராணி... வாசிக்கப் போறது நானா, நீயா?

லூர்து: அண்ணே, உப்பு சரியா இருக்கா?

அழகிரி: நல்லாருக்கும்மா. இன்னும் ஒரு தம்ளர் குடு. யோவ் தைரியம், நான் ஒண்ணு கேக்கறேன், மறைக்காம பதில் சொல்லு. மாசி மாசம் லால்குடிக்குக் கூப்டேன். தவக்காலம், வாசிக்கக் கூடாதுன்ன. இத்தன வருஷமா தவக்காலத்துல வாசிச்சவன்தான நீ? சரி, சாமி விஷயம், நமக்கென்னன்னு விட்டுட்டேன். ஈஸ்டர் முடிஞ்சுது. திருவானைக்காவலுக்குக் கூப்டேன். மச்சான் செத்துட்டாரு, எழவு வீட்டுல இருக்கேன்ன.

லூர்து: எந்த மச்சான்?

அழகிரி: உன் அண்ணன்தாம்மா. பொன்மலைல இருக்காரே... பாவம், நானும் துக்கம் கேக்க வரலாம்னுதான்...

லூர்து: எங்க செபஸ்தியான் அண்ணனா? நேத்து சாயங்காலம் கெண்ட மீன் வாங்கிட்டு வந்து, இந்த எடத்துல உக்காந்து ரெண்டு தட்டு சோறு சாப்ட்டுட்டுப் போச்சு!

அழகிரி: அய்யோ ரெங்கா!

லூர்து: சேசு மரி சூசை! என் அண்ணனச் சாகடிச்சிட்டீங்களா? கச்சேரிக்குப் போகாம இருக்கறதுக்கு என் அண்ணன்தான் கெடச்சுதா? உங்க தம்பி ஒருத்தன் லால்குடில சும்மாத்தான இருக்கான்!

தைரியராஜ்: வாய் தவறி வந்துடுச்சு.

அழகிரி: வாய் தவறி பொய் வரும். எழவு வருமாய்யா? நான் மாலை வாங்கிட்டு கெளம்பிட்டேன், தெரியுமா? பஸ்ல கூட்டமா இருக்குன்னு திரும்பிட்டேன். வந்திருந்தா அந்த மனுஷன் கழுத்துலயே போட்டிருப்பேன்.

லூர்து: இருங்க, அண்ணன் வரட்டும். சொல்றேன்.

தைரியராஜ்: சொல்லு, சொல்லு. எல்லாத்தையும் எல்லார்கிட்டயும் சொல்லு.

அழகிரி: தைரியம், இந்தா பாரு. இது சாதாரண ரிசப்ஷன் இல்ல. பொண்ணோட அப்பா சடகோபன் சார். ரயில்வேல இருந்து ரிட்டயர்டு ஆனவரு. பொன்மலை ரயில்வே இன்ஸ்டிட்யூட் டான்ஸ்ல பெரைரா சார் வாசிச்சப்பலேருந்து அந்தப் பெட்டியோட சத்தம் அவரு காதுல இருக்கு. பெரைரா ஆஸ்திரேலியா போறப்ப பெட்டிய உங்கிட்டக் குடுத்துட்டுப் போனதும் தெரியும், அதுக்கப்பறம் நீ வாசிச்சதும் தெரியும். "அழகிரி, எம்பொண்ணு கல்யாணத்துல அந்த டான்ஸ் மெட்டு வால்ட்ஸ் ஒண்ணு கேக்கணும்யா"ன்னு கையப் புடிச்சுக்கிட்டுக் கேட்டாரு.

தைரியராஜ்: ஸ்ரீரங்கம் சித்திரை வீதில வால்ட்ஸா? யாரு ஆடப் போறா? மாமிங்களா?

அழகிரி: யாரும் ஆட மாட்டாங்க. அவரு திருமண்ணு இட்டுக்கிட்டு மொத வரிசைல உக்காந்து காலால தாளம் போடுவாரு. அது போதும். நீ வா.

தைரியராஜ்: வேற யாரையாவது வச்சு வாசி.

அழகிரி: வச்சா என்னாகும் தெரியுமா? தில்லை நகர்ல ஒரு பையன் எலெக்ட்ரிக் ஆர்கன் வச்சிருக்கான். ஸ்விட்சப் போட்டா பொய்ங்குனு வருது. குழுவுல எல்லாரும் அந்தப் பையன எடு, அந்தப் பையன எடுன்னு என் உயிர எடுக்கறாங்க. நான்தான் தைரியம் இருக்கான், தைரியம் வருவான்னு சொல்லிச் சொல்லி நிறுத்தி வச்சிருக்கேன். இன்னிக்கு நீ வரலன்னா அவன்தான் உக்காருவான். இன்னிக்கு உக்காந்தான்னா அப்பறம் அந்த எடம் அவனோடது. பின்னால வந்து நீ அழுதாலும் நான் ஒண்ணும் பண்ண முடியாது. புரியுதா?

தைரியராஜ்: புரியுது. பெட்டி ரிப்பேரா இருந்தா நான் என்ன பண்ண?

அழகிரி: அதான் என்ன ரிப்பேர்? சொல்லித் தொலையேன்!

தைரியராஜ்: மெழுகு உருகிடுச்சு.

அழகிரி: மெழுகா? மெழுகுவத்தியா?

தைரியராஜ்: பாத்தியா, இதுக்குத்தான் புரியாதுன்னேன். உள்ள சத்தம் குடுக்கற ரீடெல்லாம் தேன்மெழுகு வச்சு ஒட்டியிருக்கும். இத்தாலிக்காரன் அவன் ஊர்க் குளுருக்கு ஒட்டி அனுப்பினது. இது திருச்சி. இது கத்திரி. உருகாம என்ன செய்யும்? ரீடெல்லாம் கழண்டு போச்சு.

லூர்து: கழல்லியே.

தைரியராஜ்: என்ன?

லூர்து: கழண்டிருந்தா உள்ள கடகடன்னு உருளும். ஆட்டிப் பாத்தேன். ஒரு சத்தமும் இல்ல. கட்டிலுக்கு அடியில கோணி போட்டு மூடி வச்சிருக்கேன், எப்படி உருகும்?

தைரியராஜ்: நீ எதுக்கு அத ஆட்டிப் பாத்த?

லூர்து: பெருக்கறப்ப.

அழகிரி: தெய்வமே! நல்லா பெருக்கும்மா. மெழுகு சரியா இருக்கு. அடுத்து?

தைரியராஜ்: மெழுகு மட்டும் இல்லய்யா. துருத்தி கிழிஞ்சிருக்கு. விசிறி மடிப்பு மாதிரி நடுவுல இருக்குல்ல, அதுல மூலைல ஓட்டை. காத்தெல்லாம் போயிடுது. காத்து இல்லாம எங்கேருந்து சத்தம் வரும்?

லூர்து: எந்த மூலை?

தைரியராஜ்: ஏதோ ஒரு மூலை!

லூர்து: ஓட்டை இருந்தா, ஒரு பக்கத்தப் புடிச்சுத் தூக்கினா இன்னொரு பக்கம் புஸ்ஸுன்னு எறங்கிடும். எறங்கல. கல்லு மாதிரி நிக்குது.

தைரியராஜ்: அதுவும் பெருக்கறப்பவா?

லூர்து: தொடைக்கறப்ப.

அழகிரி: தங்கச்சி, நீ வீட்டப் பெருக்கறியா, பெட்டிய ஓவர்ஹால் பண்றியா?

லூர்து: சும்மா இருங்கண்ணே.

தைரியராஜ்: இவளுக்கு என்ன தெரியும்? இடது பக்கம் பொத்தானெல்லாம் மாட்டிக்கிச்சு. அமுக்கினா எந்திரிக்கவே மாட்டேங்குது. இடது பக்கம் இல்லாம அக்கார்டியன் வாசிக்க முடியுமா? வலது பக்கக் கட்டை பாட்டு. இடது பக்கம்தான தாளம், சுருதி, அடிக்குரல் எல்லாம்? அது இல்லன்னா வெறும் குழாய் ஊதற மாதிரி இருக்கும்.

லூர்து: எந்தப் பொத்தான் மாட்டிக்கிச்சு?

தைரியராஜ்: எல்லாம்.

லூர்து: எல்லாமா? நூத்தியிருபதுமா? காலைல நல்லாத்தான...

தைரியராஜ்: காலைல?

லூர்து: தொடச்சேன்.

தைரியராஜ்: காலைல நான் பரீட்சப் பேப்பர் திருத்தப் போயிருந்தேன். அப்ப தொடச்சியா?

லூர்து: நீங்க இருக்கறப்பத் தொட்டாத்தான் திட்டறீங்களே.

அழகிரி: நிறுத்துங்க! ரெண்டு பேரும் நிறுத்துங்க! புருஷன் பொண்டாட்டி சண்டைய நாளைக்கு வச்சுக்கங்க. பெட்டி எங்க? கட்டிலுக்கு அடியிலதான? நானே எடுக்கறேன். ...அப்பா, என்னா கனம்! பச்சப் புள்ளையத் தூக்கற மாதிரி தூக்கிக்கிட்டு இத நீ மூணு மணி நேரம் நின்னு வாசிப்பியே, எப்படிய்யா? இந்தா. உக்காரு. மடியில வச்சுக்க. எது ரிப்பேர்னு என் கண்ணு முன்னால காட்டு.

தைரியராஜ்: வேணாம்.

அழகிரி: காட்டுய்யா!

தைரியராஜ்: விடுய்யா, தோள் வார மாட்டிக்கறேன். ...

அழகிரி: ம். இடது பக்க வாருக்குள்ள கைய விடு.

தைரியராஜ்: போகல.

அழகிரி: இப்ப இது வேறயா? வார்ல கை போகலியா? நாளைக்கு பேன்ட்ல கால் போகலன்னு சொல்லுவ!

தைரியராஜ்: யோவ், நெசமாவே போகலய்யா! வார் இறுக்கமா இருக்கு. இது நான் வச்ச அளவே இல்ல. யாரோ இந்தத் திருகாணியத் திருகியிருக்காங்க.

அழகிரி: தள்ளு, நான் விட்டுப் பாக்கறேன். ...அட, ஆமா. என் கையும் போகல. முட்டியோட நிக்குது.

தைரியராஜ்: இப்ப நம்பறியா?

அழகிரி: யாருய்யா இவ்வளவு இறுக்கி வச்சது? இதுல சின்னக் கைதான் போகும். வளையல் போட்ட கைதான்...

தைரியராஜ்: ராணி.

லூர்து: மோர் இன்னும் கொஞ்சம் இருக்கு அண்ணே, கொண்டாரட்டுமா?

தைரியராஜ்: ராணி. இங்க வா.

லூர்து: அடுப்புல பால் வச்சிருக்கேங்க.

தைரியராஜ்: அடுப்பே பத்த வைக்கல நீ. வா இங்க. பக்கத்து வீட்டு நசீராக்கா அன்னிக்கு என்னக் கேட்டாங்க. "வாத்தியாரே, மத்தியானமானா உங்க வீட்டுல ஆனை நடக்கற மாதிரி சத்தம் வருது, பூம் சக் சக், பூம் சக் சக்னு. தாளம் இருக்கு, பாட்டு வர மாட்டேங்குதே"ன்னாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? ரேடியோல ஏதோ கோளாறுக்கான்னு சொன்னேன்.

லூர்து: நசீராக்காவுக்கு வாய் சும்மா இருக்காது.

தைரியராஜ்: அப்ப நீதான்?

லூர்து: ...நான்தான்.

தைரியராஜ்: எத்தன நாளா?

லூர்து: நீங்க ஸ்கூலுக்குப் போனப்பறம், சமையல் முடிச்சிட்டு... கொஞ்ச நாளாத்தான்.

தைரியராஜ்: கொஞ்ச நாளாவா? பெரைரா அந்தப் பெட்டிய யார் கையிலயும் குடுக்காதன்னு சொல்லிட்டுப் போனாரு. நானே அத வெள்ளத் துணியாலதான் தொடைப்பேன். மாவுக் கையோட, எண்ணெக் கையோட...

லூர்து: கைய சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் தொட்டேன்! உங்கள மாதிரி சாக்பீஸ் கையோட தொடல.

அழகிரி: ஹா!

தைரியராஜ்: நீ சிரிக்காதய்யா!

அழகிரி: சிரிக்காம என்ன பண்ண? யோவ், நீ வரலன்னா போ. தங்கச்சிய அனுப்பு! சடகோபன் சாருக்கு அக்கார்டியன் வேணும். யாரு வாசிச்சா என்ன? தங்கச்சி, வால்ட்ஸ் வருமா உனக்கு?

லூர்து: ஒண்ணு ரெண்டு மூணு, ஒண்ணு ரெண்டு மூணு. வரும். போல்காவுக்கு ரெண்டே தட்டு. அது இன்னும் சுளுவு. டாங்கோதான் காலு இழுக்கற மாதிரி இழுக்குது, பிடிபடல.

அழகிரி: போடு! அப்ப கெளம்பு!

லூர்து: ஆனா பாட்டு வராதண்ணே.

அழகிரி: என்னது?

லூர்து: வலது பக்கம் எனக்குத் தெரியாது. இடது பக்கம் மட்டும்தான் படிச்சேன்.

அழகிரி: இடது பக்கம் மட்டுமா?

லூர்து: இடது பக்கம் மட்டும்.

தைரியராஜ்: ஏ... நீ என்ன லூசா?

லூர்து: மரியாதையாப் பேசுங்க.

தைரியராஜ்: வியன்னாவுல ஒரு புண்ணியவான் இந்தப் பெட்டியக் கண்டுபுடிச்சு நூத்தம்பது வருஷம் ஆகுது ராணி! இத்தாலிக்காரன் கத்துக்கிட்டான், ஜெர்மன்காரன் கத்துக்கிட்டான், பிரெஞ்சுக்காரன், ரஷ்யாக்காரன், கப்பல்ல வேல பாக்கறவன், பொன்மலைல ரயில் ஓட்டறவன், எல்லாரும் கத்துக்கிட்டான். ஒருத்தனாவது, ஒருத்தனாவது, இடது பக்கத்த மட்டும் கத்துக்கிட்டானா? மொதல்ல பாட்டத்தான் கத்துக்குவாங்க. கண்ணுக்குத் தெரியற கட்டை அது. இடது பக்கம் கண்ணுக்கே தெரியாது. தடவித் தடவிக் கண்டுபுடிக்கணும். எனக்கே ரெண்டு வருஷம் ஆச்சு!

லூர்து: ஒரு பொத்தான்ல மட்டும் குழி இருக்குல்ல? அதத் தடவிப் புடிச்சுக்கிட்டா மத்தது எல்லாம் வந்துடுது. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. பக்கத்துப் பக்கத்துலதான இருக்கு, உறவுக்காரங்க வீடு மாதிரி.

அழகிரி: உறவுக்காரங்க வீடா! தைரியம், இந்தப் பாடத்த நீ யாருக்காவது இப்படிச் சொல்லிக் குடுத்திருக்கியா?

தைரியராஜ்: பொய் சொல்றா. ரெண்டு பொத்தான் அமுக்கிப் பாத்திருப்பா. அவ்வளவுதான்.

லூர்து: பொய்யா? குடுங்க இப்படி.

தைரியராஜ்: தொடாத.

அழகிரி: குடுய்யா. பாத்துடுவோம். பிச்சமுத்து! இன்னும் அஞ்சு நிமிஷம்! ...ஹார்ன் அடிக்காதடா! ம், மாட்டும்மா. நாற்காலில நல்லா பின்னால சாஞ்சு உக்காரு.

லூர்து: கை போயிடுச்சு பாத்தீங்களா. ...பூம் சக் சக்... பூம் சக் சக்...

அழகிரி: ஓ...

லூர்து: வாயால சொன்னாத்தான் வருது, சிரிக்காதீங்க. பூம் சக் சக்...

தைரியராஜ்: அய்ய, அங்க மாத்தாத!

லூர்து: எங்க?

தைரியராஜ்: துருத்திய! இழுத்துக்கிட்டே வந்து அடிக்கு நடுவுல அமுக்கற. விக்கல் வந்த மாதிரி இருக்கு. பேசறப்ப வார்த்தைக்கு நடுவுலயா மூச்சு வாங்குவ? ஒரு வரி முடியட்டும், அப்பறம் மாத்து.

லூர்து: வரி எங்க முடியுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? பாட்டுதான் இல்லியே!

தைரியராஜ்: நான் வாயால பாடறேன், வாசி. லா லல லா...

லூர்து: உங்க குரலுக்கு எனக்குத் தாளமே போயிடும்.

அழகிரி: நாய் ஊளை மாதிரி இருக்குய்யா.

தைரியராஜ்: சீ, நவுரு! நாற்காலியத் தள்ளிப் போடு. நான் இந்தப் பக்கம் உக்காந்துக்கறேன். வலது பக்கக் கட்டைய இப்படித் திருப்பு. இன்னும் கொஞ்சம். ம். இப்ப நான் வரி முடிக்கறப்பத் தலைய ஆட்டுவேன், நீ மாத்தணும். ஆரம்பி.

லூர்து: வேகமாப் போகாதீங்க.

தைரியராஜ்: நீ ஆரம்பி மொதல்ல.

லூர்து: பூம் சக் சக்...

தைரியராஜ்: வாயாலச் சொல்லாத.

லூர்து: ...

தைரியராஜ்: ம்... நல்லாருக்கு... இப்ப மாத்து. ...ம்... மேல போ.

லூர்து: போயிட்டேன்.

தைரியராஜ்: கீழ வா... மாத்து... நிறுத்தாத, தப்பாப் போனாலும் நிறுத்தாத, போய்க்கிட்டே இரு...

லூர்து: நீங்க என்னைய இடிக்கறீங்க.

தைரியராஜ்: இடிக்கல. இழு... நல்லா இழு. இங்க கொஞ்சம் சத்தமா... அமுக்கு... ம்... அப்படித்தான். அப்படித்தான் ராணி...

லூர்து: இன்னொரு தடவையா?

தைரியராஜ்: மொதல்லேருந்து. இன்னொரு தடவ.

லூர்து: ...

தைரியராஜ்: ...

லூர்து: ...

தைரியராஜ்: மெதுவா முடி. மெதுவா... ம்.

லூர்து: எப்படி இருந்துதுண்ணே?

அழகிரி: ரெங்கா... உங்க ரெண்டு பேரும் பேசாம இருந்து நான் பாத்தது இதான்மா மொத தடவ. யோவ், என்னா சத்தம்யா அது! வீடே நெறஞ்சு போச்சு. அந்தப் பையன் ஆர்கன் நாள் பூரா அடிச்சாலும் இது வராது. அதுல மூச்சு இல்ல. இது மூச்சு விடுதுய்யா. பிச்சமுத்து இஞ்சின ஆஃப் பண்ணிட்டுக் கேக்கறான் பாரு, படுபாவி. யோவ் தைரியம், என்னய்யா கண்ணத் தொடைக்கற?

தைரியராஜ்: வேர்வ.

அழகிரி: கண்ணுலயா வேர்க்குது?

தைரியராஜ்: கத்திரில எங்க வேணா வேர்க்கும்.

அழகிரி: சரி. இப்ப என்ன? மெழுகு உருகல. துருத்தி கிழியல. பொத்தான் மாட்டல. வார் மட்டும்தான் இறுக்கம், அதுவும் தங்கச்சி பண்ண வேல. அதத் தளத்தினா தீந்துது. வாசிப்பும் தேன் மாதிரி இருக்கு. மாட்டிக்க, கெளம்பு. வழியில பாலத்துல கூட்டமா இருக்கும்.

தைரியராஜ்: நான் வரல.

அழகிரி: ...என்ன?

தைரியராஜ்: வரலய்யா. அந்தப் பையனக் கூப்ட்டுக்க.

அழகிரி: இப்ப என்னத்துக்கு வரல? என்னத்துக்கு? இவ்வளவு நேரம் பெட்டி ரிப்பேர்ன. இப்ப பெட்டியும் நல்லாருக்கு! வாசிச்சும் காட்டிட்ட!

தைரியராஜ்: அழகிரி, போயிட்டு வா. எனக்கு மனசு சரியில்ல.

அழகிரி: மனசு சரியில்லியா? எனக்குச் சரியா இருக்கா? உனக்காக ஊர்ல ஒருத்தன் விடாமப் பேச்சு வாங்கறேன். தைரியம் வேற குழுவுக்குப் போயிட்டான், தஞ்சாவூர்க்காரங்ககிட்ட வாக்குக் குடுத்துட்டான்னு சொல்றாங்க. நான் செருப்பால அடிப்பேன்னு சொன்னேன், என் தைரியம் அப்படிப் பண்ண மாட்டான்னு. உண்மையச் சொல்லு. போயிட்டியா?

தைரியராஜ்: இல்லய்யா! மாதா மேல சத்தியமா இல்ல!

அழகிரி: அப்ப எம்மேல கோவமா? லால்குடி மேடைல உன் பேரக் கடைசியாச் சொன்னேன், அதுவா? நீ அந்தக் கச்சேரிக்கே வரலய்யா! நான் எதாவது பேசியிருந்தா மன்னிச்சுக்க. வா.

தைரியராஜ்: உம்மேல என்ன கோவம்? அதெல்லாம் இல்ல.

அழகிரி: பின்ன என்னதான்யா? என் தலைமுடியப் பிச்சுக்கணும் போல இருக்கு! சடகோபன் சார்கிட்டப் போயி நான் என்ன சொல்ல? அவனுக்கு மனசு சரியில்ல, வீட்டுல பொண்டாட்டியோட உக்காந்து ஜோரா வால்ட்ஸ் வாசிக்கறான், மேடைக்கு மட்டும் வர மாட்டானாம்னு சொல்லவா? இதோ பாரு. இப்ப வாசிச்சல்ல? அதையே உன் ரெண்டு கையால வந்து வாசின்னுதான கேக்கறேன். ஒரே ஒரு வால்ட்ஸ். உன் ரெண்டு கைக்கும் என்ன கேடு வந்துது?

தைரியராஜ்: ராணி, நீ உள்ள போ.

லூர்து: போகல.

தைரியராஜ்: உள்ள போன்னு சொல்றேன்ல? நான் இவன்கிட்டத் தனியாப் பேசணும்.

லூர்து: எனக்குத் தெரியாததையா பேசப் போறீங்க?

தைரியராஜ்: உனக்கு என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. ஊர் உலகத்துல இல்லாத மாதிரி இடது பக்கத்த மட்டும் படிச்சு வச்சிருக்க. பாட்ட விட்டுட்டு எவளாவது வெறும் தாளத்தப் போயிப் படிப்பாளா? ஏன் படிச்ச? எதுக்குப் படிச்ச? சொல்லேன் இவன் முன்னாடியே!

லூர்து: சொல்றேன். பொங்கலன்னிக்குக் காபி தம்ளரக் கீழ போட்டுட்டு, கை சுட்டுடுச்சுன்னீங்க. அது ஆறிப் போன காபிங்க. சைக்கிள் டயர் போயிடுச்சுன்னு அன்னிலேருந்து நடந்தே போறீங்க. நான் டயர அமுக்கிப் பாத்தேன், கல்லாட்டம் இருக்கு. உங்களால இடது பக்க பிரேக்கத்தான் புடிக்க முடியல. அழகிரி அண்ணே, இவருக்கு இடது கைல மூணு விரலு மரத்துப் போயி நாலஞ்சு மாசம் ஆகுது. உங்ககிட்டச் சொல்லல, எங்கிட்டயும் சொல்லல, எங்க அண்ணனச் சாகடிச்சாரு, பெட்டிய ரிப்பேராக்கினாரு. சொல்லாதவருகிட்டப் போயி எப்படிக் கேக்கறது? வலது கைதான் நல்லாருக்கே, இடது கைய நான் பாத்துக்கலாம்னுதான் அந்தப் பக்கத்த மட்டும் படிச்சேன். திங்கக்கிழமை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன், வரலன்னா தரதரன்னு இழுத்துட்டுப் போவேன். இப்ப நான் பொடவைய மாத்திட்டு வரேன். நீங்க மண்டபத்துக்கு ஆள் அனுப்பி, மேடைல ரெண்டு நாற்காலிய ஒட்டினாப்புல போடச் சொல்லுங்க அண்ணே.